போதும்பொண்ணு வைத்த பெயர்

பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைச் சின்னக்காவின் உடம்பின் மேல் போர்த்திவிட்டு ரகுநாத் விலகப் பார்த்தான். பக்கத்து வீட்டு அழகி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அரசியத் தூக்கிட்டு வரலயா தம்பி?"

"யாரு?"

"ஒம் மகதாம்ப்பா. ஒங்கக்கா வச்ச பேரு ஒனக்கே மறந்துபோச்சா?"

அவன் தலையை எப்படியோ ஆட்டி வைத்தான். மகளின் பெயர் ரெய்னா. ராஜகளையான பெயராக வேண்டும் என்று மனைவி ரஞ்சிதா நாள்கணக்காக இணையத்தில் தேடிப் பிடித்தது. ஸ்பானிஷில் ராணி என்று பொருள் போட்டிருந்தது.

பிள்ளையின் காதில் பெயரை மூன்று தடவை சொல்வது அத்தை முறை. நார்த்தாமலையில் இருந்த சின்னக்கா அதற்காக ஆசையாய்க் காத்திருந்தாள். சிக்கல் அவள் பெயரில் இருந்தது. மூன்றாவதும் பெண்ணாகப் போனதில் வெறுத்துப்போய் அப்பா வைத்த பெயர் போதும்பொண்ணு. அப்படிப் பெயர் வைத்தால் அடுத்தது ஆண் என்று நம்பிக்கை. அடுத்துப் பிறந்தவன்தான் ரகுநாத்.

"பொம்பளப் பிள்ளைக்குப் பேரு வைக்கப் போதும்பொண்ணா வந்து காதுல சொல்றது?" என்று மாமியார் கேட்டபோது அவனுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. விசேஷம் தள்ளிப்போய்விட்டது என்று சின்னக்காவுக்குப் போன் செய்தான். குறித்த நாளிலேயே திருக்கோகர்ணத்து மண்டபத்தில் நடத்திவிட்டான். திருப்பூரிலிருந்து வந்த பெரியக்கா ராஜலட்சுமி காதில் பெயர் சொன்னாள். அது நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நேற்றுக் கடலைக் காட்டில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்த சின்னக்கா எழுந்திருக்கவில்லை.

சின்னக்காவின் மகள் செவந்தியைக் கொல்லைப் பக்கம் கூட்டிப்போய்க் கேட்டான். "அரசின்னு யாரு சொன்னது?"

"அம்மாதான்."

"விசேஷம் தள்ளிப்போச்சுன்னு சொல்லிருந்தேனே."

செவந்தி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "ரஞ்சிதா அத்த ஸ்டேட்டஸ் போட்டுச்சுல்ல மாமா. அன்னைக்குக் காலையிலயே பாத்துட்டோம்."

அவனுக்குக் காதெல்லாம் சூடேறியது. "பாத்துட்டு?"

"தம்பி மகளுக்குப் பேரு வைக்கப் போறேன்னு அம்மா தெருவுக்கே சொல்லி வச்சிருந்துச்சு. போகலன்னா ஒங்களத்தான நாலு பேரு ஏசுவாங்க. பட்டுச் சேலையக் கட்டிக்கிட்டுக் கெளம்பிருச்சு. பொழுது சாயுற வரைக்கும் புதுக்கோட்ட பஸ் ஸ்டாண்டுல ஒக்காந்துட்டு வந்துச்சு. 'நாந்தான் காதுல சொன்னேன், அரசின்னு வச்சிருக்கு'ன்னு எல்லார்ட்டயும் சொல்லிருச்சு."

"அந்தப் பேரு ஏன்?"

"'எம்பேரு மாதிரி இல்லாம, கூப்புட்டா ஒரு மருவாத இருக்கணும்'னு அம்மா சொல்லுச்சு. ரொம்ப நாளா யோசிச்சு வச்சிருந்துச்சு மாமா."

அக்கா அவன் வீட்டு வாசலில் வந்து நின்று மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

பந்தலுக்குத் திரும்பியதும் தெருப் பெரியவர் பெரியண்ணன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார். "அத்த வாயால பேரு வாங்குன பிள்ள. நல்லா வரும் தம்பி" என்றார். மனதாரத்தான் சொன்னார். ரகுநாத் வேட்டியின் கரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எழுந்து நின்று உள்ளதைச் சொல்லிவிட்டால் பாரம் இறங்கும். அக்கா ஊருக்கு முன் பொய்க்காரி ஆவாள்.

போன் அடித்தது. ரஞ்சிதா. எடுத்ததுமே பிள்ளை வீறிட்டு அழுவது பந்தல் முழுக்கக் கேட்டது. எப்போது வருகிறீர்கள் என்று அவள் கேட்டாள். பெண்கள் ஒப்பாரியை நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நேரம்.

அழகி நிமிர்ந்து பார்த்தாள். "யாருப்பா அழுகுறது?"

ரகுநாத் போனைக் காதில் வைத்தபடியே அவளை ஏறிட்டான்.

"அரசி" என்றான்.

"யாரு அரசி? ஏங்க, யாரு அரசி?" என்று போனுக்குள் ரஞ்சிதா கேட்டுக்கொண்டிருந்தாள். செவந்தி குனிந்து, தாயின் காதை மூடிச் சரிந்திருந்த மாலையை எடுத்து ஒதுக்கிவிட்டாள்.