மோழைக்கு வந்த நோய்

பச்சையம்மாளுக்கு வயது ஐம்பத்து நாலு. அவள் முழங்காலுக்கு அதைவிடப் பத்து கூடுதல். அடி அண்ணாமலையை ஒட்டிய வனத்துறை நர்சரியில் காலையிலிருந்து சாயங்காலம் வரை பைகளில் மண் நிரப்புகிறவள். போன வருஷம் நாய்கள் குதறிப் போட்ட புள்ளிமான் குட்டியைத் தூக்கிவந்து, பால் ஊற்றிப் பிழைக்க வைத்ததும் அவள்தான். இருக்கிற வேலை போதாதென்று இழுத்துப் போட்டுக்கொண்டது.

ஆட்டுக்குட்டிக்கு ஒரு மாதத்துக்குள் கொம்பு முட்டிக்கொண்டு வந்துவிடும். இந்த ஆண்குட்டிக்கு எட்டு மாதமாகியும் நெற்றி வழுவழுவென்றுதான் இருந்தது. ஆடு வளர்த்தே பழகியவள், இது கொம்பில்லாத பிறவி என்று முடிவுகட்டி 'மோழை' என்று பேரும் வைத்துவிட்டாள். ரேஞ்சர் சக்திவேல் அதை நம்பவில்லை.

"கொம்பு வர்ற வரைக்கும் இருக்கட்டும். வந்துச்சுன்னா ஆளை முட்டிக் கொன்னுடும்மா. அப்புறம் ஒரு நாள்கூட இங்க வெச்சிருக்கக் கூடாது, மலைல விட்டுடணும்" என்றார். வராத கொம்புக்கு எதற்குக் கவலை என்று அவளும் தலையாட்டினாள்.

பத்தாம் மாதம் நெற்றியில் இரண்டு புடைப்பு. நாய்க்கடி விஷம்தான் சீழ்க்கட்டியாகிவிட்டது என்று பயந்து, வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து ஒரு வாரம் பூசினாள். கட்டி வற்றுவதாகக் காணோம். கடைசியில் கால்நடை டாக்டர் ஆதவன் வந்தார். வேலைக்குப் புதிது. மஞ்சளைத் துடைத்துவிட்டுத் தடவிப் பார்த்தவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"இதுக்கு பாசெட்னு பேரும்மா. தோலுக்கு அடியில வர்ற கொம்போட முதல் முளை. புக்குல ஒரே ஒரு தடவை படிச்சது, இன்னிக்குத்தான் தொட்டுப் பாக்கறேன். மானுக்கு லேட்டாதான் வரும்."

அவர் சிரிக்கச் சிரிக்க, கொம்பு வந்தால் மலையில் விடணும் என்று ரேஞ்சர் சொன்னதுதான் இவளுக்கு ஞாபகம் வந்தது. நாய் குரைத்தால் மோழைக்கு ஓடத் தெரியாது; அவள் புடவைக்குப் பின்னால் வந்து ஒளியத்தான் தெரியும். மலையடிவாரத்திலோ, பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் மிஞ்சும் சோற்றைத் தின்று கொழுத்த நாய்கள். இப்படியே விட்டால் ஒரு பொழுது தாங்காது.

"சார், நோட்டுல கொம்புன்னு எழுதாதீங்க. நீங்க சொன்னீங்களே, அந்தப் பேரையே எழுதிடுங்க."

"அதுவும் கரெக்டுதான்" என்று எழுதிவிட்டுப் போனார் டாக்டர்.

மறுநாள் நோட்டைப் புரட்டிய ரேஞ்சர் முகம் சுளித்தார். "பாசெட்டா? ஒட்டுவாரொட்டி எதுனா இருக்கப் போவுது. மருந்து குடுக்கறியா?"

"குடுத்துட்டுதான் இருக்கேன் சார்."

என்ன மருந்து என்று அவளுக்குத்தான் தெரியும். அன்றிலிருந்து கடலைக்கொடியைக் கையால் ஊட்டுவதை நிறுத்தினாள். தெரிந்தவர் வீட்டு நாயைச் சங்கிலியோடு இழுத்துவந்து குரைக்க விட்டாள். மோழை வழக்கம்போல அவள் பின்னால் வந்து ஒண்டியது. மலையில் ஒண்டுவதற்கு அவள் இருக்க மாட்டாள். வேப்பங்குச்சியை ஒடித்து முதுகில் ஒரு போடு போட்டாள். அது குச்சியை நக்கியது.

அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் மறுநாளும் அடித்தாள், அதற்கு மறுநாளும் அடித்தாள். இந்த வயசில் இந்தப் பாவமும் என் தலையிலேயா என்று அலுத்துக்கொண்டே அடித்தாள்.

மூன்றாவது வாரம் ஒரு காலையில் கேட்டைத் திறந்து உள்ளே கால் வைத்தாள். அவளைப் பார்த்ததும் மோழை காதை விறைத்து, வாலைத் தூக்கிக்கொண்டு, ஒரே பாய்ச்சலில் வேலியின் கடைசி மூலைக்கு ஓடி நின்றது. அவள் கையில் அன்றைக்குக் குச்சிகூட இல்லை.

நேரே ரேஞ்சர் அறைக்குப் போனாள்.

"சார், மோழைக்குக் குணமாயிடுச்சு. கொம்பு வந்திருக்கு. விட்டுடலாம்."