அறுபத்தெட்டுச் சுற்று

அருள்முருகன் அடிபம்பில் ஆறு குடம் அடித்தான். நான்கு சமையலறைக்கு, இரண்டு குளியலறைக்கு. புயல் போய்ப் பத்து நாளாகியும் கடலூர் முதுநகரில் அவர்கள் தெருவுக்குக் கரண்ட் வரவில்லை. பால் பாக்கெட்டை வெட்டி அடுப்பில் வைத்தான். இளமதி டீத்தூள் போட்டாள். தேய்க்காத சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றபடியே குடித்தான். ஏழு பத்துக்கு மெயின்ரோட்டில் கம்பெனி பஸ். சிப்காட்டில் ஒரு கம்பெனியின் லேபில் அவனுக்கு வேலை.

இளமதி கூடத்தில் கிராமபோன் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து இசைத்தட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் செருப்பு மாட்டும்போது ஏதோ சொன்னாள். சரி என்றான். பஸ் ஹாரன் கேட்டது. ஓடினான்.

அது நேற்று.

இன்று அதே கூடத்தில் ஐஸ் பெட்டி இருந்தது. அதற்குள் இளமதி இருந்தாள். வாசலில் ஜெனரேட்டர் ஓடியது. அதற்கு அப்பால் பறை. நேற்றுப் பத்து மணிக்குப் பக்கத்து வீட்டு அந்தோணிசாமியின் மனைவி தயிர் வாங்க வந்தபோது, இளமதி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாளாம். தூங்குகிறாள் என்று நினைத்தாளாம். செல்போன் டவர் இல்லாததால் அந்தோணிசாமி வண்டியை எடுத்துக்கொண்டு கம்பெனி கேட்டுக்கே வந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர், இருதயம் என்றார். வயது முப்பத்தொன்றா என்று இரண்டு முறை கேட்டார்.

மாமியார் மங்கலம் குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து இரவே வந்துவிட்டாள். அவளுடைய முந்திரித் தோப்பு முழுக்கப் புயலில் படுத்துவிட்டது. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கடைசியா என்ன சொன்னா மாப்ள?"

"ஒண்ணும் சொல்லல அத்த."

"என்னையக் கேட்டாளா?"

"இல்ல அத்த."

நான்காவது முறை கேட்டபோது அவன் எழுந்து வாசலுக்குப் போனான். அப்போதுதான் ஆட்டோ வந்து நின்றது. ஒரு கிழவியும் அறுபது வயதுக்காரர் ஒருவரும் இறங்கினார்கள். பந்தலையும் பறையையும் பார்த்து அவர் தயங்கினார்.

"தம்பி, இளமதின்னு... பாட்டு ஆராய்ச்சி பண்ற பொண்ணு வீடு..."

"இதான்."

"எழவு யாருக்கு?"

அவன் உள்ளே கையைக் காட்டினான். அவர் எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

"செவ்வாக்கெழம வாங்கன்னு சொல்லி உட்டுதே தம்பி. அதான் மாமியார இட்டாந்தேன். செதம்பரத்துலேர்ந்து மூணு பஸ்ஸு மாறி வரோம். போன் ஒண்ணும் போவல."

அவர் பெயர் கலியமூர்த்தி. கிழவி தில்லையம்மாள், எண்பத்தைந்து வயது. புவனகிரி ரத்தினசபையின் ஒரே மகள்.

அந்தப் பெயரை அருள்முருகன் எட்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். 2004இல் சிதம்பரத்தில் இருவரும் படித்தபோதே அவள் பேச்செல்லாம் ரத்தினசபைதான். அவன் வேதியியல், அவள் இசை. கடலூர் பஸ்ஸில் அவள் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, ரத்தினசபை நூற்றுக்கும் மேல் பதப் பாட்டுகள் எழுதினார், பதினேழுதான் கிடைத்திருக்கிறது, அவரே பாடிய தட்டு ஒன்றாவது எங்கேயாவது இருக்கும் என்று ஆலப்பாக்கம் வரும்வரை சொல்வாள். அவன் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருப்பான். தொடையில் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும் கை. கல்யாணமான மறு வருடம் பாண்டிச்சேரியில் ஒரு பழைய சாமான் கடையில் சாவி கொடுக்கும் கிராமபோனை வாங்கினார்கள். நகை வேண்டாம் என்றுவிட்டாள்.

தட்டு தில்லையம்மாளின் டிரங்குப் பெட்டியில் இருந்தது. 1922இல் பதிந்தது. அப்பா இறந்தபோது அவளுக்குப் பதினோரு வயது. பிறகு ஒரு கல்யாண வீட்டில் ரேடியோ செட்காரன் அதைப் போட்டான். குரல் கீச்சென்று வந்தது. பந்தியில் இருந்தவர்கள், பொம்பளையா பாடுறா என்று சிரித்தார்கள். அவள் தட்டை வாங்கி வந்து பெட்டிக்கு அடியில் போட்டாள். அதன் பிறகு யாருக்கும் கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. இளமதி இரண்டு வருடம் நடந்தாள். போன மாதம்தான் கிழவி கொடுத்தாள்.

"அப்பாவோட கொரல் அது இல்ல பொண்ணு. ஆனா அது எனக்கு மட்டுந்தான் தெரியும்," என்றாளாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவனும் இளமதியும் அந்தத் தட்டோடு உட்கார்ந்தார்கள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு ஊரில் ஒவ்வொரு வேகத்தில் பதிந்தார்கள் என்றாள். தட்டின் ஓரத்தில் காகிதத் துண்டு ஒட்டி, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று அவன் லேப் ஸ்டாப்வாட்சை வைத்து எண்ணினான். எழுபத்தெட்டு. எழுபத்து நாலு. எழுபது. பாட்டு முடிந்ததும் ரத்தினசபை தன் பெயரைப் பேச்சாகச் சொல்லியிருந்தார். ஒவ்வொரு முறையும் இளமதி அந்த இடத்துக்காகவே காத்திருந்தாள்.

"பாட்ட நம்பக் கூடாது மாமா. பாட்டு எந்த சுதியிலயும் நிக்கும். பேச்சு நிக்காது."

அறுபத்தெட்டில் ஒரு மனிதன் பேசினான். அவள் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, வேகத்தை மாற்றும் முள் நின்ற இடத்தில் ஒட்டினாள். "தில்லையம்மா மட்டும் ஆமான்னு சொல்லட்டும்," என்றாள்.

கலியமூர்த்தி அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எழவு வீட்ல கேக்கக் கூடாதுதான். தப்பா நெனைக்காதீங்க. ஜாஸ்தி கூட்டம் வரும், சாமான் அங்க இங்க போவும். அந்தத் தட்ட மட்டும் குடுத்துட்டீங்கன்னா..."

கூடத்து மூலையில் கிராமபோன் பெட்டியின் மேல் யாரோ மாலைகளைக் குவித்திருந்தார்கள். அருள்முருகன் அவற்றை எடுத்து நாற்காலியில் வைத்தான். மூடியைத் திறந்தான். தட்டு அதன் இடத்திலேயே இருந்தது. கைப்பிடி துளையில் செருகியபடி இருந்தது.

"கேட்டுட்டு எடுத்துட்டுப் போங்க," என்றான்.

தில்லையம்மாள் தலையை ஆட்டினாள். "வாணாம் தம்பி. நான் கேட்டதுதான் அது. இந்தப் பொண்ணு கூப்ட்டுதேன்னு வந்தேன். அதுவே போயிடுச்சி."

"ஒரு தடவ."

இளமதியின் பெரியப்பா கொளஞ்சி வாசலிலிருந்து உள்ளே வந்தார். "என்னாடா நடக்குது? பொணத்த வெச்சிக்கிட்டுப் பாட்டு கேக்கறதா? நல்லா இருக்குடா ஒங்க படிப்பு!"

மங்கலம் ஐஸ் பெட்டியின் கண்ணாடியிலிருந்து முகத்தை எடுத்தாள்.

"வெளிய அடிக்கறது என்னா மாமா? எம்மவ வரச் சொல்லி வந்தவங்க. கேட்டுட்டுப் போவட்டும்."

கொளஞ்சி நின்றார். பிறகு அவரே வெளியே போய்ப் பறைக்காரர்களிடம், "ஒரு டீ குடிச்சிட்டு வாங்கப்பா," என்றார். ஜெனரேட்டரைக் காட்டி, "அத நிறுத்துனா?" என்று கேட்டார்.

"பத்து நிமிசம் தாங்கும்ணே," என்றான் ஐஸ் பெட்டிக்காரன்.

ஜெனரேட்டர் நின்றது. மிக்சி இல்லை, டிவி இல்லை, மோட்டார் இல்லை. தெருக்கோடியில் விழுந்த வேப்பமரத்தை யாரோ வெட்டும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

அருள்முருகன் கைப்பிடியைச் சுற்றினான். முதல் சுற்றுகளில் அது கனமே இல்லாமல் ஓடியது. யாரும் சாவி கொடுத்திருக்கவில்லை. அவன் கை ஒரு கணம் நின்றது. பிறகு சுற்றினான். இருபதுக்கு மேல் இறுகியது. முள் பொட்டின் மேல் நிற்கிறதா என்று பார்த்தான். நின்றது. ஊசியை இறக்கினான்.

முதலில் இரைச்சல். பிறகு ஹார்மோனியம். பிறகு ஓர் ஆண் குரல். அவசரமில்லாத, சற்றுக் கனத்த குரல். ஒரு வரியைப் பாடி, அதையே வேறு பக்கத்திலிருந்து தொட்டுப் பார்த்தது. சரணத்தில் மேலே ஏறப் போய், ஏறாமல் பாதியில் இறங்கியது. தில்லையம்மாள் முந்தானையால் தோளை மூடிக்கொண்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கலியமூர்த்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று நிமிடத்தில் பாட்டு முடிந்தது. ஒரு சின்ன இடைவெளி. பிறகு அந்தக் குரல் சாதாரணமாகச் சொன்னது: "பாடினது புவனகிரி ரத்தினசபை."

ஊசி உள்வட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அருள்முருகன் கிழவியைப் பார்த்தான்.

"அன்னிக்கி அப்பாவுக்கு சளி," என்றாள் தில்லையம்மாள்.

"என்னா அத்த?" என்றார் கலியமூர்த்தி.

"சளி புடிச்சிருக்குய்யா. மூக்கால வருது பாரு, ரத்தினசபைங்கறப்ப. மாசி வந்தா இப்பிடித்தான். ஓமத்தத் துணியில கட்டி மோந்துக்கிட்டே இருப்பாரு." அவள் சுவரைப் பிடித்து எழுந்தாள். ஐஸ் பெட்டியருகே போய்க் கண்ணாடியின் மேல் கையை வைத்தாள். பிறகு திரும்பாமலே, "இன்னொரு தடவ போடு தம்பி," என்றாள்.

பெட்டிக்காரன் வாட்சைப் பார்த்தான். கொளஞ்சி அவனை முறைத்தார்.

அருள்முருகன் மறுபடி கைப்பிடியைச் சுற்றினான். எண்ணிக்கொண்டே சுற்றினான். மங்கலம் நகர்ந்து வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். வேகம் மாற்றும் முள்ளின் கீழிருந்த பொட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். யாருடையது என்று கேட்கவில்லை.

"ஒரு வார்த்த கூடவா சொல்லல?" என்றாள்.

இருபத்தெட்டு. இருபத்தொன்பது. தோள்பட்டை கடுத்தது. அவன் நிறுத்தவில்லை.

"சொன்னா அத்த."

அவள் காத்திருந்தாள்.

"எடது கை காலைலேர்ந்து ஒரு மாதிரி வலிக்குது மாமா. போறப்ப பொட்டிக்கி சாவி குடுத்துட்டுப் போ."