ஒரே கலவையில் அடைத்த பற்கள்

1949ஆம் ஆண்டுப் பொங்கலிலிருந்து, மலாயாவில் லிங்கி ஆற்றை ஒட்டிய புக்கிட் தாபான் ரப்பர் தோட்டத்தில் பல் அடைத்துக்கொண்டவர்களில் ஒருவர் எதைத் தின்றாலும் மற்ற அனைவருக்கும் அதன் ருசியும் தின்றவர் யார் என்பதும் தெரிந்தன. ஆட்களை மேய்க்கும் மண்டோர் வீரமுத்து கள்ளுக்கடையில் குவளையை எடுத்தால், மரத்தடியில் பால் வெட்டிக்கொண்டிருந்த முத்தாயிக்குப் புளித்த ஏப்பம் வந்தது. முத்தாயி கருவாடு சுட்டால், சைவம் தவறாத திருநாவுக்கரசு வீட்டில் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் மூடிய கண்ணைத் திறக்காமலே முகம் சுளித்தார்கள். அந்த வருஷம் ரப்பர் விலை இறங்கியிருந்தது. மழை வழக்கம்போல் பெய்தது.

கலவையைச் செய்தவர் திருநாவுக்கரசு. அவர் கம்பவுண்டராக இருந்தார் என்றும், தோட்டத்து ஆசுபத்திரி டிரஸ்ஸருக்கு எடுபிடி வேலை பார்த்தார் என்றும் சிரம்பானில் சிலர் சொல்லித் திரிந்தார்கள். அது தவறு. அவர் சென்னையில் ரசாயனம் படித்துப் பட்டம் வாங்கியவர். ரப்பர் பால் உறைய வைக்கும் ஸ்டோருக்குப் பின்னால் அவருக்குத் தனி அறை இருந்தது, கதவில் பெயர்ப்பலகையும் இருந்தது. உலகச் சண்டை முடிந்து கப்பல்கள் ஒழுங்காக வராத காலத்தில் பல் அடைக்கும் சிமெண்டு கிடைக்கவில்லை. மலாய்க்காரர்கள் கெத்தா தாபான் என்று சொல்லும் காட்டு மரத்துப் பிசின் வெந்நீரில் இளகும், வாய்ச்சூட்டில் கெட்டிப்படும். அதைக் கொண்டு உள்ளூரிலேயே நல்ல அடைப்பு செய்ய முடியுமா என்று பார்க்கச் சொல்லிக் கம்பெனி அவரை நியமித்தது. கோலா கிளாவாங் மலையில் நின்ற ஒரே கிழட்டு மரத்திலிருந்து பிசின் வந்தது. அவர் அதைக் காய்ச்சி வடித்து, துத்தநாகப் பொடியும் கிராம்பு எண்ணெயும் சேர்த்துப் பிசைந்தார். தோட்டத்து ஆசுபத்திரியில் பிடுங்கிய பற்களையெல்லாம் பாட்டில்களில் வாங்கி வைத்து, ஒவ்வொன்றிலும் குழி தோண்டி அடைத்து, கொதிநீரிலும் ஐஸ் தண்ணீரிலும் மாற்றி மாற்றி முக்கினார். தையல் மெஷின் மோட்டாரை வைத்து, பல்லோடு பல் அரைக்கும் கருவி ஒன்றைக் கட்டினார். அது வாரக்கணக்கில் அரைத்தது. பிறகு பற்களை ஊதா மையில் ஊற வைத்து, தட்டான் வாளால் நடுவில் அறுத்து, அடைப்புக்கும் பல்லுக்கும் இடையில் மை இறங்கியிருக்கிறதா என்று கண்ணாடி வைத்துப் பார்த்தார். பல கலவைகளில் மை இறங்கியது. கடைசிக் கலவையில் இறங்கவில்லை.

தன் வீட்டார் வாயில் வைக்காததை ஊரார் வாயில் வைப்பது அந்தக் குடும்பத்தில் இல்லாத வழக்கம். எனவே முதலில் தனக்கும், மனைவி சௌந்தரவல்லிக்கும், தம்பி அர்ச்சுனனுக்கும் அடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து ஆட்களுக்கு அடைத்தார். அதுமுதல் எல்லோரும் அவரைப் பல்லு ஐயா என்று அழைத்தார்கள்.

ருசி பரவுவது தெரிந்ததும் அவர் அதையும் முறையாகச் சோதித்தார். தம்பியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தி, சர்க்கரையும் பாகற்காயும் கொடுத்துப் பார்த்தார். வெளியில் நின்றவர்கள் தவறாமல் சொன்னார்கள். ஆராய்ச்சி அறிக்கையில் அதைப் பக்கவிளைவு என்ற தலைப்பில் நான்கு வரியில் எழுதினார். கம்பெனி அந்த நான்கு வரியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. புதிய பிளாஸ்டிக் சாமான்கள் சந்தைக்கு வந்துவிட்டதாகவும், தாபான் பிசின் இனி வேண்டாம் என்றும் பதில் போட்டது. அவரை ரப்பர் பால் சோதிக்கும் வேலைக்கு மாற்றினார்கள். அதே சம்பளம்.

கருவாட்டு ருசி தாங்காமல், அடைப்பை எடுத்துவிடும்படி சௌந்தரவல்லி கேட்டார். மை இறங்காத அடைப்பை எந்தக் காரணத்துக்காக எடுப்பது என்று அவர் மறுத்துவிட்டார். காலப்போக்கில் எல்லோருக்கும் பழகியது. முத்தாயி ஒருநாள் குழாயடியில் சொன்னார்:

“நேத்து உங்க வீட்டு ரசத்துல உப்பு கம்மி லா, அம்மா.”

“உன் கருவாட்டுல இருந்ததே ஊருக்குப் போதும்,” என்றார் சௌந்தரவல்லி.

அர்ச்சுனன் தொழிலாளர் சங்கத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலம் வந்து சங்கத்தைத் தடை செய்த பிறகு, சங்கத்து ஆட்களைப் பிடித்து அடைத்துவைப்பதும் இந்தியாவுக்குக் கப்பலேற்றுவதும் நடந்தன. 1950இல் ஒரு காலை அவர் வீட்டில் இல்லை. மேல்படிப்புக்குச் சென்னை போயிருப்பதாகத் திருநாவுக்கரசு தோட்டத்தில் சொன்னார். பல் அடைத்துக்கொண்டவர்கள் தலையாட்டினார்கள். அவர்கள் வாயில் கப்பல் சாப்பாட்டின் ருசி ஒருநாளும் வரவில்லை. சுட்ட மரவள்ளிக்கிழங்கு வந்தது, ஆற்றங்கரைக் கீரை வந்தது, சில நாள் மண் ஒட்டிய ஏதோ ஒன்று வந்தது. ஐயா வீட்டு விஷயம் என்பதால் ஒருவரும் அதைப் பேசவில்லை. பிரதோஷத்தன்று, திருநாவுக்கரசு விரதமிருந்து கோவிலில் நின்றுகொண்டிருந்தபோது, காட்டுப்பன்றி இறைச்சியின் ருசி வந்தது. அதுவரை முட்டைகூடத் தொடாத தம்பி. அவர் நெற்றியில் திருநீற்றைப் பூசிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சௌந்தரவல்லி அடுக்களையில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “பசிச்சிருக்கான்,” என்று மட்டும் சொன்னார்.

அதற்குள் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி வந்துவிட்டது. காலையில் வேலைக்குப் போகிறவர்களின் மடியையும் வாளியையும் வாசலில் சோதித்தார்கள். ஒரு பிடி அரிசி வெளியே போகக்கூடாது. பால் டின்னைச் சேர்த்துவைத்துக் காட்டுக்கு அனுப்ப முடியாதபடி, கடைக்காரரே ஓட்டை போட்டு விற்றார். சர்க்காரை எதிர்த்துத் துப்பாக்கியோடு காட்டில் இருப்பவர்களைப் பட்டினி போட்டு வெளியே கொண்டுவருவது சர்க்காரின் திட்டம்.

1952இல், வீரமுத்து கள்ளுக்கடையில் உளறியதைக் கேட்டு, சிரம்பானிலிருந்து இன்ஸ்பெக்டர் இராஜமாணிக்கம் வந்தார். அவர் இதை நம்பாமல் சிரிப்பார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பல் அடைத்தவர்களை வரிசையாக உட்கார வைத்து, என்ன ருசி வருகிறது என்று விசாரித்தார். டுரியான் ருசி வந்தால் எந்த மலை, ஆற்றுமீன் வந்தால் எந்த ஆறு என்று அவரிடம் வரைபடம் இருந்தது. முத்தாயியின் முறை வந்தது.

“வாய்ல வெத்தல இருக்கு சார். அதுக்கு மேல ஒண்ணும் தெரியல.”

“துப்பிட்டுச் சொல்லு.”

“துப்பினா பொகையில ருசிதான் வரும்.”

இன்ஸ்பெக்டர் திருநாவுக்கரசிடம் மரியாதையாகவே பேசினார். தனக்கும் ஒரு கடைவாய்ப்பல் சொத்தை என்றும், அதே மருந்தை வைத்து அடைத்துவிட முடியுமா என்றும் கேட்டார். திருநாவுக்கரசு அவர் வாயைத் திறக்கச் சொல்லி, கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

“இது அடைக்கற பல்லு இல்ல. பிடுங்கற பல்லு.”

இன்ஸ்பெக்டர் வாயை மூடிக்கொண்டார். பாட்டிலில் ஒரு பல்லுக்கு ஆகும் கலவை மீதியிருந்தது. அன்று மாலை அது அடுப்புக்குள் போனது. ஆராய்ச்சி உண்மையில் முடிந்தது அன்றுதான்.

அடுத்த முறை இன்ஸ்பெக்டர் ஒரு மூட்டையோடு வந்தார். பச்சரிசி, நெய், முந்திரி, வெல்லம். அந்த நாளில் காசு கொடுத்தாலும் கிடைக்காதவை.

“நீங்க நல்லா சமைச்சுச் சாப்பிடுங்க ஐயா. வேற ஒண்ணும் வேணாம். ருசி போய்ச் சேரட்டும். பசியில தானா எறங்கி வருவாரு.”

“இந்த வீட்டுல தம்பிக்குத் தூண்டில் போடறதில்ல.”

“மூட்டைய எடுத்துக்கிட்டுப் போறேன். ஆனா நீங்க தினம் வைக்கற சாம்பாரே போதும். அத நிறுத்த முடியுமா உங்களால?”

முடிந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் உப்பு, புளி, மிளகாய் மூன்றும் நின்றன. இருவரும் வெறும் சோற்றை வெந்நீர் ஊற்றித் தின்றார்கள். இன்ஸ்பெக்டர் மூட்டையை வீரமுத்துவிடம் கொடுத்தார், ஆட்டிறைச்சியும் வாங்கிக் கொடுத்தார். வீரமுத்து போலீஸ் செலவில் பிரியாணி தின்னத் தொடங்கியபோது, முத்தாயி ரப்பர் மர நிரையில் நின்று ஒரு கைப்பிடி நிலவேம்பை வாயில் போட்டு மென்றார். வீரமுத்து எழுந்து போய் வாந்தியெடுத்தார். நான்கைந்து முறை இப்படி நடந்தபின் இன்ஸ்பெக்டர் அந்த வழியை விட்டுவிட்டார். பிரியாணி போன ஆத்திரத்தில் வீரமுத்து ஸ்டோர் வாசலில் வைத்து, “சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கறீங்களா?” என்று திருநாவுக்கரசைப் பார்த்துக் கேட்டார்.

“இல்ல,” என்றார் அவர். “நீ போட்டுத்தானே திங்கற?”

மூன்று வருஷம் போனது. ரப்பர் விலை ஏறி, பிறகு இறங்கியது. சௌந்தரவல்லியின் வளையல்கள் கையில் நிற்காமல் கழன்றன. காட்டிலிருந்து வரும் ருசிகள் குறைந்துகொண்டே வந்தன. இலை, மரப்பட்டை, பிறகு ஈறிலிருந்து வடியும் இரத்தத்தின் துரு ருசி. 1955 செப்டம்பரில் சர்க்கார் பொதுமன்னிப்பு அறிவித்தது. ஆகாய விமானங்கள் துண்டுக் காகிதங்களைக் காடு முழுக்கப் போட்டன. சரணடைந்தால் வழக்கு இல்லை என்று அதில் எழுதியிருந்தது. அர்ச்சுனன் வரவில்லை. கார்த்திகை கடந்தபோது அவரிடமிருந்து வெறும் தண்ணீர் ருசிதான் வந்தது.

இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தார். இம்முறை மூட்டை இல்லை, காகிதம் மட்டும் இருந்தது. மன்னிப்பு எந்த நேரமும் முடிந்துவிடலாம் என்றார். திருநாவுக்கரசு காகிதத்தை இரண்டு பக்கமும் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் போனபிறகு சௌந்தரவல்லி பேசினார்.

“மார்கழித் திருவாதிரை வருது. களி கிண்டப் போறேன்.”

“வீட்டுல ஒருத்தன் இல்லாம களி கிண்டறது நம்ம வழக்கமா?”

“இல்ல. அதனாலதான் கிண்டறேன். அஞ்சு வருஷமா கிண்டல. இப்ப நாக்குல பட்டா அவனுக்குத் தெரியும், இந்த வீட்டுல ஆள் குறையலன்னு.”

“அந்தக் காகிதம் பொய்யா இருந்தா?”

“மானத்த நம்ம தின்னுக்கலாங்க. அவன் எதத் தின்பான்?”

 அது பொய்யாக இருந்தால், திருநாவுக்கரசு மூன்று வருஷம் உப்பில்லாமல் காத்த தம்பியைத் தன் வாயாலேயே பிடித்துக் கொடுத்தவர் ஆவார். மறுநாள் சிரம்பானுக்குப் பஸ் ஏறிப் போனார். ஏற்கனவே சரணடைந்து வெளியில் விடப்பட்ட சீனர் ஒருவர் பக்கத்துப் பாரோயில் காய்கறி விற்பதாகக் கேள்விப்பட்டு, தன் கண்ணால் அவரைப் பார்த்தார். அவரிடம் ஒரு கட்டுக் கீரையும் வாங்கினார். திரும்பும்போது பங்கீட்டு அட்டைக்குக் கிடைத்த அரிசியும் கொஞ்சம் வெல்லமும் கொண்டுவந்தார். போலீஸ் கொடுத்தது எதுவும் அதில் இல்லை.

திருவாதிரைக்கு ஒருவாய்க் களி, தின்னாதவனுக்கு நரகக்குழி என்பார்கள். அன்று காலை சௌந்தரவல்லி களி கிண்டினார், காய்களைப் போட்டுக் குழம்பும் வைத்தார். உப்புப் போட்டார். சாமிக்குப் படைத்தபின் திருநாவுக்கரசு முதல் வாய் எடுத்தார். மூன்று வருஷத்துக்குப் பிறகு தன் வீட்டு உப்பு நாக்கில் பட்டதும் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. புகை என்று சொன்னார். முத்தாயி அன்று மாலைவரை பச்சைத் தண்ணீரும் குடிக்கவில்லை. வீரமுத்து கள்ளுக்கடைக்குப் போகவில்லை. அவரிடம் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை, அவராகவே போகவில்லை.

அந்த வீடு ஒருநாளும் ருசியைத் தூண்டிலாக்கியதில்லை என்பது காட்டில் இருந்தவருக்கு நாக்கால் தெரிந்திருந்தது. விமானம் போட்ட காகிதத்தை நம்பாதவர் களியை நம்பினார். கோலா கிளாவாங் சாலையில், ரப்பர் லாரி ஒன்றின் முன் கைகளைத் தூக்கிக்கொண்டு அர்ச்சுனன் வந்து நின்றார். மன்னிப்புக் காலம் முடிய இன்னும் சில வாரம் இருந்தது. காகிதத்தில் சொன்னபடியே வழக்கு போடவில்லை. விசாரித்து, முகாமில் சில மாதம் வைத்திருந்து விட்டுவிட்டார்கள். வாசலில் இறங்கியதும் அண்ணியிடம் அவர் பேசிய முதல் பேச்சு, “வெல்லம் கொஞ்சம் கூடிருச்சு, அண்ணி,” என்பதுதான்.

அவர் வந்ததற்கு உறவினரை அழைத்துச் சாப்பாடு போட்டார்கள். இலை போட்டுப் பரிமாறிய பிறகு, சிரம்பானிலிருந்து வந்திருந்த சித்தப்பா, காட்டில் பன்றி தின்றவனோடு ஒரே பந்தியில் உட்கார முடியாது என்று எழுந்தார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். அர்ச்சுனன் இலையைப் பார்த்தபடி இருந்தார். திருநாவுக்கரசு குரலை உயர்த்தவில்லை.

“அவன் தின்னது என் நாக்குலயும் இருக்கு, இவ நாக்குலயும் இருக்கு. அவனுக்கு இலை இல்லன்னா இந்த வீட்டுல யாருக்கும் இலை இல்ல. உக்காருங்க சித்தப்பா. சாம்பார் ஆறுது.”

சித்தப்பா உட்கார்ந்தார். அந்தக் குடும்பத்தில் பந்தி பிரிந்தது என்று சொல்பவர்கள் அன்று அங்கே இல்லாதவர்கள்.

பிறகு தோட்டம் கைமாறியது. லயத்து ஆட்கள் பலர் பாரோய்க்கும் சிரம்பானுக்கும் குடிபோனார்கள். அடைப்புகள் ஒன்றும் பெயரவில்லை. திருநாவுக்கரசு 1968இல் தூக்கத்திலேயே காலமானார். சுடலையில் அவருக்கு வாய்க்கரிசி போட்ட நேரத்தில், பாரோயில் துணி மடித்துக்கொண்டிருந்த முத்தாயியின் வாயில் பச்சரிசி ருசி வந்தது. அவர் மடித்ததை அலமாரியில் வைத்துவிட்டுப் பஸ் ஏறித் துக்கத்துக்கு வந்தார். ஆள் அனுப்பவில்லையே, எப்படித் தெரிந்தது என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. சௌந்தரவல்லியின் கையைப் பிடித்து அழுது முடித்த பிறகு, “அரிசிய இன்னும் கொஞ்சம் புடைச்சிருக்கலாம் லா. ஒரு கல்லு இருந்துச்சு,” என்றார்.

அர்ச்சுனன் ஆமாம் என்று தலையாட்டினார்.