எதுவும் விழாத பருவம்

நோய் பரவிய ஆண்டின் இரண்டாவது மாதத்தில், லிஃப்ட் மெக்கானிக்கின் தங்கை கைதவறி விட்ட டீ கிளாஸ் தரைக்கு வந்து சேரவில்லை. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே, நெஞ்சு உயரத்தில், சற்றே சாய்ந்தபடி நின்றுவிட்டது. வழிந்த டீயும் கிளாஸின் உதட்டில் நாக்கை நீட்டியதுபோல அப்படியே நின்றது. முகக்கவசம் தைத்துக்கொண்டிருந்த அவளுடைய அம்மா தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள். "நல்லவேளை, இப்பதான் உங்க அண்ணி தரை தொடச்சா" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தைக்கத் தொடங்கினாள்.

காரணம் பல்கலைக்கழகத்தில் இருந்தது. தேர்வுக்கூடங்களில் மேசைகளை அகற்றி நோயாளிகளுக்குக் கட்டில் போட்டிருந்தார்கள். ஆகவே இறுதிப் பருவத் தேர்வை மாணவர்கள் அவரவர் வீட்டில், கேமராவின் முன் உட்கார்ந்து எழுதலாம் என்று முடிவாயிற்று. வீட்டுக்கு வீடு இருமல், வீட்டுக்கு வீடு சண்டை. இதற்கு நடுவே எழுதுகிறவர்களின் மதிப்பெண் முந்தைய பருவங்களைவிடக் குறைந்துவிடக் கூடாது என்று ஒரு சலுகையும் சேர்த்தார்கள். நல்ல முடிவுதான். ஆனால் அதைச் சுற்றறிக்கையாகத் தட்டச்சு செய்த தேர்வுப் பிரிவு எழுத்தர், ஒரு கண்ணை அடுப்பிலிருந்த பாலிலும் மறு கண்ணைக் கணினியிலும் வைத்திருந்தார். பால் வழியவில்லை, மதிப்பெண் என்ற சொல்தான் வழிந்துபோயிற்று. 'இப்பருவத்தில் தேர்வெழுதும் மாணவர் எவருக்கும் எதுவும் விழாது' என்று சுற்றறிக்கை வந்தது. பதிவாளரின் கையெழுத்து விழுந்தது, முத்திரை விழுந்தது. பிறகு எதுவும் விழவில்லை.

ஊர் இதை ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. மருந்துக்கடைக்காரரின் மகன், அவனும் இறுதியாண்டு, சைக்கிளோடு சரிந்து, பாதிச் சரிவில் நின்றான். கடையைப் பூட்டிவிட்டு வந்த அப்பா நிமிர்த்திவிடும்வரை அப்படியே நின்றான். இறுதியாண்டு மாணவர்களுக்கு முடி உதிர்வது நின்றது. வெயிலில் நடந்தால் அவர்களுடைய நிழல் விழவில்லை. பீங்கான் தட்டுகள் உடையாமல் போனதால் அவற்றின் விலை இறங்கியது. பிள்ளைகள் மாடிச் சுவர்களிலும் தண்ணீர்த் தொட்டி விளிம்புகளிலும் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார்கள். கீழே போகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, "படிச்சியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

மெக்கானிக்கின் தங்கையை வீட்டில் எல்லோரும் பாப்பா என்றே கூப்பிட்டார்கள். கடைக்குட்டி என்பதால் வந்த பெயர். கல்லூரியின் இறுதிப் பருவத்துக்கு வந்தபிறகும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவளுக்கு எது விழாவிட்டாலும் அதைத் தன் கணக்கில் ஒரு அடியாக வாங்கிக்கொண்டவள் அவளுடைய அண்ணி. அண்ணியும் அதே பல்கலைக்கழகத்தில், அதே புள்ளியியல் துறையில், ஒரு வருடம் முன்னால் படித்தவள். ஐந்து பருவங்கள் முதல் வகுப்பில் வந்தாள். ஆறாவது பருவத்தின் கடைசித் தேர்வுக்கு முந்திய நாள் அவளுக்குக் கல்யாணம். தேதியை மாற்றலாமா என்று கேட்டதற்கு மாமியார் சொன்ன பதில் இரு வீட்டாரிடையேயும் பிரபலம். "பரீட்சை வருஷாவருஷம் வரும்மா, மண்டபம் வருமா?" மறுநாள் அவள் கண்ணெல்லாம் தூக்கமாகப் போய் எழுதினாள். முதல் வகுப்பு மயிரிழையில் நழுவிற்று. மேற்படிப்புக்கு முதல் வகுப்பு வேண்டும் என்பது விதி. அந்த ஒரு விதியால் அவள் இப்போது கூடம் பெருக்கினாள், முகக்கவசங்களுக்கு நாடா வெட்டினாள், தட்டைக் கீழே போட்டால் தட்டை உடைத்தாள்.

இதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அவளுக்கு மட்டும் எல்லாம் விழுந்தது. சீப்பில் அவள் முடி கொத்தாக வந்தது. பாப்பாவின் பின்னலோ ஒரு இழைகூட உதிராமல், முதுகில் தொங்கக்கூடச் செய்யாமல், வால்போலப் பின்னால் மிதந்துகொண்டு வந்தது. பாப்பா புத்தகத்தைத் தொடாமல் நாளெல்லாம் போனில் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து மாமியார் திட்டினால், அந்தத் திட்டு பாப்பாமேல் விழாமல் பாதி வழியில் தயங்கி நின்று, பக்கத்தில் நாடா வெட்டிக்கொண்டிருந்த அண்ணிமேல் விழுந்தது. "ஒரு பொறுப்பு இருக்கா உனக்கு?" என்று மாமியார் மகளைப் பார்த்துத்தான் கத்துவாள், சுருக்கென்று கண்ணீர் வருவது மருமகளுக்கு. சொல்வது எதுவும் பாப்பாவின் காதில் விழுவதில்லை என்பதை மட்டும் யாரும் கண்டுகொள்ளவில்லை. சுற்றறிக்கைக்கு முன்னாலும் அப்படித்தான். முகத்துக்கு நேரே போய் நின்று, அவளாக மனம்வைத்துக் கேட்டால் கேட்பாள். பின்னாலிருந்து கூப்பிட்டால் கூப்பிட்டவருக்குத்தான் தொண்டை வலி.

அந்த வீட்டு மாடிக்குச் சிக்னல் சரியாக வராது. நான்காவது மாடி பால்கனிக் கம்பிக்கு வெளியே, இரண்டு முழம் தள்ளித்தான் நன்றாக வந்தது. பாப்பா அதைக் கண்டுபிடித்துவிட்டு, கம்பியைத் தாண்டி வெறும் காற்றில் சம்மணமிட்டு உட்கார்ந்து படம் பார்க்கத் தொடங்கினாள். முதல் நாள் அண்ணன்காரன் பதறினான். லிஃப்ட் கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவன். பெல்ட் மாட்டச் சொன்னான், அவள் மாட்டவில்லை. இரண்டாவது நாள் அவனே கம்பியில் சாய்ந்துகொண்டு அவளிடம் டீயை நீட்டினான். அண்ணி அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்தாள். தனக்குக் கல்யாணமாகி ஒரு வருடத்தில் அவன் ஒரு நாளும் டீயை அப்படி நீட்டியதில்லை என்பது நினைவுக்கு வந்தது.

இதற்கிடையில் பல்கலைக்கழகம் இன்னொன்றையும் அறிவித்தது. பழைய மாணவர்கள் ஒரு தாளை மட்டும் மறுபடி எழுதி மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ளலாம். ஆனால் சலுகை அவர்களுக்குக் கிடையாது. புதிதாக வருவதே முடிவு, ஏறினாலும் சரி, இறங்கினாலும் சரி. ஏறினால் முதல் வகுப்பு, மேற்படிப்புக்கு இடம். சறுக்கினால் இருக்கிற இரண்டாம் வகுப்பும் போய்விடும். அண்ணி விண்ணப்பித்தாள். விடியலில் எழுந்து, சமையலுக்கு முன்னும் பாத்திரத்துக்குப் பின்னும் படித்தாள். சுவரில் சூத்திரங்களை எழுதி ஒட்டினாள். அவை ஒவ்வொன்றாகப் பெயர்ந்து விழுந்தன. பாப்பா காற்றிலிருந்தபடியே எட்டிப் பார்த்தாள்.

"எதுக்கு அண்ணி இப்படி உசுரை விடுறீங்க? செகண்ட் கிளாஸும் கிளாஸ்தானே?"

"உனக்கென்னடி, உனக்குத்தான் எதுவும் விழாதே."

"அதுக்கு நான் என்ன பண்றது? நீங்க ஒரு வருஷம் லேட்டா பொறந்திருக்கணும்."

இதைப் பாப்பா வேடிக்கையாகத்தான் சொன்னாள். அண்ணிக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் அந்தச் சுற்றறிக்கையை எடுத்து, குறை கண்டுபிடிக்கவென்றே படித்தாள். ஊரே படித்ததுதான். ஆனால் பொறாமைக்காரியின் கண்ணுக்குத் தனிக் கூர்மை உண்டு. சொல் ஒன்று காணாமல் போயிருப்பது அவளுக்குத்தான் தெரிந்தது. உடனே தேர்வுப் பிரிவுக்கு மின்னஞ்சல் எழுதினாள். 'எதுவும்' என்ற இடத்தில் 'மதிப்பெண்' என்று இருந்திருக்க வேண்டும் என்று பணிவாகச் சுட்டிக்காட்டி, முன்னாள் மாணவி என்று கையெழுத்திட்டாள். அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள்.

தேர்வு நாள் காலையில் பதில் வந்திருந்தது. தங்கள் கவனத்துக்கு நன்றி, இன்று முற்பகல் பதினொரு மணி முதல் திருத்தம் அமலுக்கு வரும், இணையதளத்தில் வெளியிடப்பட்டுள்ளது. பல்கலைக்கழக இணையதளத்தை யாரும் பார்ப்பதில்லை என்பது பல்கலைக்கழகத்துக்கும் தெரியும். அண்ணி யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எழுதியது யார் என்ற கேள்வி வரும். பாப்பாவுக்குப் படுக்கையறையில் மேசை போட்டாயிற்று, தேர்வு முடியும்வரை அவள் நாற்காலியில்தான் இருப்பாள், அதிகம் போனால் ஒரு கிளாஸ் உடையும், உடையட்டுமே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மெக்கானிக் ஆஸ்பத்திரி லிஃப்ட்டைச் சரிசெய்யப் போயிருந்தான். மாமியார் தைத்த கவசங்களைக் கொடுக்க மருந்துக்கடை வரிசையில் நின்றாள். பத்து மணிக்கு இருவரும் எழுதத் தொடங்கினார்கள், அண்ணி கூடத்தில் கணினியின் முன், பாப்பா உள்ளே போனின் முன். வினாத்தாளைப் பார்த்ததும் அண்ணிக்கு உடம்பு லேசாயிற்று. எல்லாம் தெரிந்த கேள்விகள். பேனா தானாக ஓடியது. கேமராவின் முன்னிருந்து எழுந்தால் தேர்வு அத்தோடு முடிந்ததாகக் கொள்ளப்படும் என்று திரையின் மூலையில் சிவப்பில் எழுதியிருந்தது. அவளுக்கு எழவேண்டிய அவசியம் எதுவுமில்லை. பாதித் தாள் முடிந்த நேரத்தில் படுக்கையறைக் கதவு திறந்தது. பாப்பா போன் கேமராவை முகத்துக்கு நேரே பிடித்து, விடைத்தாள் அட்டையையும் தூக்கிக்கொண்டு, "சனியன், சிக்னலே இல்ல" என்று முணுமுணுத்தபடி கூடத்தைக் கடந்தாள். போனவள் பால்கனிக் கம்பியைத் தாண்டி, இரண்டு முழம் தள்ளி, வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள்.

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றாக இன்னும் கொஞ்சமே இருந்தது. அண்ணி உட்கார்ந்த இடத்திலிருந்தே, "பாப்பா!" என்றாள். பிறகு கத்தினாள். தெருக்கோடி நாய் குரைத்தது; பாப்பா திரும்பவில்லை. அண்ணி திரையின் மூலையில் இருந்த சிவப்பு எழுத்தைப் பார்த்தாள், தன் கையெழுத்து வரிசை வரிசையாக நிற்கும் தாளைப் பார்த்தாள், மீதிக் கேள்விகளைப் பார்த்தாள். அவளுக்கு அத்தனையும் தெரியும். அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி மல்லாந்து விழுந்தது.

கம்பியில் வயிறு அழுந்த எட்டினாள். கைக்கு அகப்பட்டது அந்தப் பின்னல். காற்றில் மிதந்தபடி, அவளை நோக்கியே நீண்டு கிடந்தது. இத்தனை நாள் பார்த்துப் பார்த்து வயிறெரிந்த அதே பின்னலை இரண்டு சுற்றுக் கையில் சுற்றி, பட்டத்தை நூல்பிடித்து இறக்குவதுபோல இழுத்தாள். பாப்பா கனமேயில்லாமல் வந்தாள், வரும் வழியெல்லாம் அலறிக்கொண்டு.

"விடுங்க அண்ணி! ஐயோ என் பரீட்சை! இவ்வளவு பொறாமையா உங்களுக்கு?"

"ஆமாண்டி, பொறாமைதான்! வா உள்ள!"

கம்பிக்கு இந்தப் பக்கம் பாப்பாவின் பாதி உடம்பு வந்தபோது பதினொன்று அடித்தது. அவளுக்குத் திடீரென்று கனம் வந்தது. இருவரும் ஒருவர்மேல் ஒருவராகப் பால்கனித் தரையில் விழுந்தார்கள். பாப்பாவின் போன் வெளிப்பக்கமாக விழுந்தது. நான்கு மாடியையும் அது கடந்து தெருவில் சிதறும் சத்தம் இருவர் காதிலும் விழுந்தது. பாப்பா கம்பி வழியே வெகுநேரம் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அண்ணியின் கையிலிருந்து தன் பின்னலை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். மருந்துக்கடையிலிருந்து திரும்பிய மாமியார் உடைந்த போனையும் கவிழ்ந்த நாற்காலியையும் பார்த்துத் திட்டிய திட்டு, இரண்டு பேர்மேலும் சரிபாதியாக விழுந்தது. ஊரில் இன்னும் சிலர் மாடியிலிருந்தும் தொட்டியிலிருந்தும் விழுந்தார்கள். பெரும்பாலும் துணிக்கொடியிலும் மணல்குவியலிலும் விழுந்ததால், சுளுக்குக்கு மேல் ஒன்றுமில்லை.

திருத்தத்தைத் தட்டச்சு செய்த அன்று எழுத்தர் வீட்டில் பால் பொங்கியே விட்டது. அந்த அவசரத்தில் மாணவர் என்ற சொல் போயிற்று. அண்ணி சொன்ன இடத்தில் அண்ணி சொன்ன சொல்லை மட்டும் அவர் ஒழுங்காக வைத்திருந்தார். 'இப்பருவத்தில் தேர்வெழுதும் எவருக்கும் மதிப்பெண் விழாது.' அப்படியே ஆயிற்று. திருத்துகிற பேராசிரியர்கள் சிவப்புப் பேனாவை அழுத்தி அழுத்திப் பார்த்தார்கள். ஒரு எண்கூடத் தாளில் விழவில்லை. பேனாக்களை மாற்றினார்கள், பேராசிரியர்களை மாற்றினார்கள். கடைசியில் எல்லோரும் தேர்ச்சி என்று அறிவித்து, மதிப்பெண்ணுக்கும் வகுப்புக்கும் உரிய கட்டங்களை வெறுமையாக விட்டுப் பட்டம் கொடுத்தார்கள். பாதியில் போனைத் தொலைத்த பாப்பாவும் தேர்ச்சி. அண்ணியின் அரைகுறைத் தாளுக்கும் மதிப்பெண் விழவில்லை. புதியது விழாததால் பழையது நின்றது. அவளுடைய இரண்டாம் வகுப்பு அப்படியே இருந்தது.

மேற்படிப்புச் சேர்க்கைக்குத் தரவரிசை போடவேண்டி வந்தபோது, வரிசைப்படுத்த எண் வேண்டுமே என்று விழித்தார்கள். முதல் வகுப்பு விதியை அந்த ஆண்டுக்கு மட்டும் நிறுத்திவைத்தார்கள். விண்ணப்பித்தவர்களில் பழைய மாணவி அண்ணி ஒருத்தியே என்பதால், மொத்த மதிப்பெண் என்று ஒன்று இருந்தது அவளுக்கு மட்டும். பட்டியலில் அவள் பெயர் முதலாவதாக வந்தது. அவள் பெயரோடு பட்டியல் முடிந்தும்விட்டது. பாப்பா நேர்முகத் தேர்வுகளுக்குப் போய்ப் போய் வந்தாள். போகிற இடமெல்லாம் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீங்க அந்த வெத்துக் கட்டம் பேட்ச்சா?" என்று கேட்டார்கள். ஒரு மத்தியானம் அவள் அண்ணியின் பழைய மதிப்பெண் பட்டியலை எடுத்து மடியில் வைத்து, அந்த எண்களை விரலால் தடவிக்கொண்டிருந்ததை மாமியார் பார்த்தாள். "உங்களுக்கென்ன அண்ணி, உங்களுக்கு எல்லாம் விழுந்திருக்கு" என்று பாப்பா அன்றிரவு சொன்னாள். பொறாமை அந்த வீட்டை விட்டுப் போகவில்லை. எழுந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

டீ கிளாஸ் மட்டும் இன்றும் அதே இடத்தில் நிற்கிறது. திருத்தம் முன்தேதியிட்டுச் செல்லாது என்பதால் அதற்கு முன் கைதவறி விழாமல் நின்றது நின்றதாகவே இருந்துவிட்டது. டீ காய்ந்துபோயிற்று. இருட்டில் இடித்துக்கொள்ளாமலிருக்க மாமியார் அதற்கு ஒரு சிவப்பு நாடா கட்டினாள். வீட்டுச் சாவியை அதில் போட்டுவைக்கிறார்கள். விருந்தாளி யாராவது வந்து கேட்டால், "அது நான் போட்டது" என்று பாப்பா தலையை நிமிர்த்திச் சொல்கிறாள். பேச்சு மாறும்வரை அண்ணி அடுப்படியிலேயே இருக்கிறாள். தினமும் காலையில் வகுப்புக்குக் கிளம்பும்போது, கூடத்தில் ஆளில்லை என்று பார்த்துக்கொண்டு, அண்ணி அதன் விளிம்பில் ஒரு விரலை வைத்துக் கீழ்நோக்கி அழுத்துகிறாள். அது அசைவதில்லை. சாவியை எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டுப் போகிறாள்.