பக்கத் தையல்

கணவரின் வலது கையைத் துடைத்துவிட்டுத் திரிபுரசுந்தரி இடது கைக்கு வந்தபோது, ஹாலில் ஐஸ் பெட்டியை இறக்கும் சத்தம் கேட்டது. ஒயர் எட்டவில்லை என்று யாரோ ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினார்கள். விடியற்காலையில் போய்ச் சேர்ந்த ராஜாராமன், தன்னை வைத்து இத்தனை அமளி நடப்பது தெரியாமல் கட்டிலில் கிடந்தார்.

“அப்பாவுக்கு எந்தச் சட்டைம்மா போடறது?” என்றாள் மகள் ரோஹிணி.

“நீலச் சட்டை. டெய்லர் கடையில இருக்கு. கலீல் பாய்க்குப் போன் பண்ணு, கொண்டு வருவார்.”

அந்தச் சட்டை ஏன் கடைக்குப் போனது என்பது திரிபுரசுந்தரிக்கும் பாய்க்கும் மட்டும்தான் தெரியும். அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கணையத்தில் புற்றுநோய் என்று டாக்டர் அவளைத் தனியே கூப்பிட்டுச் சொன்ன அன்றே முடிவு செய்துவிட்டாள், இவருக்குத் தெரியக் கூடாது என்று. மனுஷன் பல் பிடுங்கப் போவதற்கே துணைக்கு ஆள் தேடுகிறவர். “அல்சர்தான், ஆற நாளாகும்” என்று சொல்லிவைத்தாள். பார்க்க வந்த சொந்தக்காரர்களை வாசலிலேயே மடக்கி, அதே பாடத்தைச் சொல்லிக்கொடுத்து உள்ளே விட்டாள். ஆனால் சட்டைக்கு யார் பாடம் சொல்வது? ஒவ்வொன்றும் தொளதொளவென்று ஆனது. அவர் தூங்கும்போது எடுத்துப்போய், சேலையூர் பஸ் ஸ்டாப் பக்கத்தில் பாய் கடையில் பக்கத் தையலைப் பிடித்துத் தைத்து வாங்கி, பீரோவில் பழைய இடத்திலேயே வைத்தாள். அவள் கண்ணளவில் சொல்வதுதான், ஆனாலும் கச்சிதமாக வந்தது. பாயின் கைராசி என்று நினைத்தாள்.

அவரும் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, “பார்த்தியா, அப்படியேதான் இருக்கேன்” என்பார். அவள் சமையலறைக்குப் போய்க் குக்கரை ஏற்றி, அது விசில் அடிக்கும் நேரத்துக்குள் அழுது முடித்துவிடுவாள்.

எதையும் மறைக்கத் தெரியாத மனிதர் அவர். மல்லிப்பூ வாங்கி வந்தால்கூடச் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுவார். அதற்காகவே எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும்.

பாய் வந்தார். கையில் துணிப்பை, கண்ணெல்லாம் சிவப்பு. திரிபுரசுந்தரி அவரைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டாள்.

“அளவு சரியா இருக்குமா பாய்? இந்தத் தடவையும் குத்துமதிப்பாத்தானே சொன்னேன்.”

“இருக்கும்க்கா. சார் உடம்புலயே எடுத்த அளவு.”

சொன்ன பிறகுதான் பாய் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“எப்போ எடுத்தீங்க?”

“போன வாரம் பார்க்க வந்தேனே. நீங்க டீ போட உள்ள போனீங்க.”

‘இஞ்சி தட்டிப் போடு, அவசரமில்ல’ என்று அவர் கட்டிலில் இருந்தபடி குரல் கொடுத்தது அவளுக்கு ஞாபகம் வந்தது.

“அவருக்குத் தெரியுமா?”

பாய் தரையைப் பார்த்தார். “ஆரம்பத்துலேர்ந்தே தெரியும்க்கா. மாத்திரை பேரைப் போன்ல போட்டுப் பார்த்துட்டார். நடக்க முடிஞ்சவரைக்கும் கடைக்கே வருவார். ‘நல்லாப் பிடிச்சுத் தைங்க பாய், அவ நிம்மதியா இருக்கட்டும்’னு அளவு குடுப்பார். அப்புறம் மெஷின் பக்கத்துல உக்காந்து அழுவார். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டார்.”

அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அவள் குக்கர் சத்தத்தில் ஒளிந்துகொண்டு அழுத அதே நாட்களில், இந்த மனிதர் ஒரு கடையில் உட்கார்ந்து ஆற அமர அழுதிருக்கிறார். பக்கத்தில் படுத்திருந்தவள் அதற்கு ஆகவில்லை. கழுத்தை அறுத்துவிட்டார் என்று நினைத்தாள். நீயும் அதைத்தானே செய்தாய் என்று மனசு சொன்னது. அதைக் கேட்கிற நிலையில் அவள் இல்லை.

“நீங்களும் மூஞ்சி மாறாமத்தானே என்கிட்ட சட்டையை வாங்கினீங்க” என்றாள். பாய் பையிலிருந்து சட்டையை எடுத்து நீட்டினார்.

சட்டையோடு அறைக்குள் வந்தாள். அவருடைய ஷேவிங் பிளேடை எடுத்துக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“எனக்கும் ஒரு நாள் உங்க மேல சாஞ்சு அழணும்னு இருந்துச்சு” என்றாள் அவரிடம், மெதுவாக. பிறகு பக்கத் தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

“என்னம்மா பண்றே?” ரோஹிணி பதறினாள். “இப்பதானே தைச்சு வந்திருக்கு. தொளதொளன்னு ஆயிடும்.”

“ஆகட்டும்.”

தையலுக்குள் தையலாக, மாதாமாதம் போட்டது எல்லாவற்றையும் பிரித்தாள். இருவருமாகத் தூக்கிப் பிடித்து அவருக்கு மாட்டினார்கள். உள்ளே இன்னொரு ஆள் நுழையலாம்போல இருந்தது. பெட்டியில் வைத்ததும், “இவ்வளவா இளைச்சிருந்தார்?” என்று யாரோ கேட்டார்கள். அவள் சட்டையை இழுத்துச் சரி செய்யவில்லை.

மற்ற இடமெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. தையலுக்குள் இத்தனை மாதம் மடங்கிக் கிடந்த துணி மட்டும், அக்குளிலிருந்து இடுப்புவரை, வாங்கிய அன்றைக்கு இருந்த நீலத்திலேயே இருந்தது. அதில் ஒரு நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. பெட்டியை மூடுவதற்குள் திரிபுரசுந்தரி குனிந்து அதை எடுத்தாள்.