கூட்டாத பாதை

நனைந்த சருகு கொங்கிறீற்றுப் பாதையில் ஒட்டிக்கொண்டால் விளக்குமாற்றுக்கு வராது. கனகலிங்கம் குனிந்து நகத்தால் உரித்து எடுத்தார். மரம் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரியுடையது. கொட்டுவது மட்டும் வேலிக்கு இந்தப் பக்கம். சருகு நிரம்பிய பையைக் காலால் மிதித்து அமுக்கி, வாயை முடிந்து, மற்றப் பைகளோடு சாத்தினார். வீட்டுப் பின்கதவிலிருந்து ஷெட் வாசல் வரைக்கும் பாதை கழுவிவிட்ட மாதிரிக் கிடந்தது.

ஷெட் என்றால் வளவு மூலையில் பலகையால் அடித்த கொட்டில். புல்லு வெட்டுகிற மெஷினை வெளியே எடுத்துவிட்டு வீட்டுக்காரன் ஜெராட் அதில் ஒரு கட்டிலைப் போட்டிருந்தான். விசா இல்லாத ஆளுக்கு லண்டன் இல்ஃபோர்ட்டில் வேறு எவன் இடம் கொடுக்கிறான்? காலமையில் வளவு துப்புரவு, பிறகு ஜெராட்டின் கடையில் அரிசி மூட்டை இறக்குவது. சம்பளம் அந்தக் கட்டிலும் சாப்பாடும்தான்.

ஜெராட் வெறுங்காலோடு ஓடிவந்தான்.

"ஆரண்ணை உங்களைப் பாதையைக் கூட்டச் சொன்னது?"

"நீதான். உன்ர மனிசி கிளறிற்றா சறுக்கி விழப்பார்த்தவ எண்டு முந்தநாள் கத்தினாய்."

"ஐயோ, கவுன்சில்காரர் வாறாங்கள். இப்பதான் போன் வந்தது. ஷெட்டில ஆள் இருக்கெண்டு வெள்ளைக்காரி சொல்லிக் குடுத்திட்டா. இந்தப் பாதையைப் பார்த்தா குருடனுக்கும் விளங்கும். திருப்பிக் கொட்டுங்கோ!"

"எதை?"

"சருகை அண்ணை, சருகை!"

கனகலிங்கம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். "மரமும் அவவின்ர, குப்பையும் அவவின்ர, முறைப்பாடும் அவவின்ரயோ?"

பைகளை அவிழ்த்துக் கவிழ்த்தார். மிதித்த சருகு அச்சில் சுட்ட பாண் மாதிரிக் கட்டியாக விழுந்தது. அதைக் காலால் உதிர்த்து, காற்றுக் கொண்டுவந்து போட்ட மாதிரிப் பரப்ப வேண்டியிருந்தது.

"காணும். இனி ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு பார்க் பக்கம் போய் இருங்கோ. அவங்கள் போனதும் போன் அடிக்கிறன்."

"ஜெரோசனுக்கும் இப்பிடித்தானே சொன்னனீ?"

ஜெரோசன் போன மாரியில் இதே கட்டிலில் படுத்தவன். ஒருநாள் கொஞ்ச நேரம் வெளியே நின்றுவிட்டு வரச் சொன்னார்கள். வந்து பார்த்தால் அவனுடைய பை குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. கட்டிலில் கனகலிங்கம் இருந்தார்.

"நான் போகேல்லை. உள்ளுக்கை இருக்கிறன். நீ வெளியால பூட்டு."

"விசரே அண்ணை உங்களுக்கு? இருமினா என்ன செய்யிறது?"

"இருமமாட்டன்."

ஆமைப்பூட்டு விழுந்தது. கடைசிப் பையை ஜெராட்டே வாசலில் கொட்டினான். கனகலிங்கம் ஹீற்றரை நிற்பாட்டிவிட்டுக் கட்டிலில் குந்தினார். உடனே தொண்டை அரித்தது. சட்டைக் கையைக் கடித்துக்கொண்டார்.

சப்பாத்துச் சத்தம் சருகில் நடந்து வந்து கதவடியில் நின்றது. யாரோ பூட்டை இழுத்துப் பார்த்தார்கள். ஜெராட் இங்கிலீசில் சிரித்துச் சிரித்துக் கதைத்தான். அதில் கனகலிங்கத்துக்கு விளங்கியது 'நோபடி' ஒன்றுதான். சத்தம் வீட்டுப் பக்கம் திரும்பிப் போனது.

வெகுநேரம் கழித்துத்தான் பலகைக்கு அப்பால் ஜெராட்டின் குரல் கேட்டது.

"அண்ணை, சத்தம் போடாதேங்கோ. அவங்களுக்கு முழுசா நம்பிக்கை வரேல்லை. திரும்பியும் வருவாங்களாம், எப்ப எண்டு சொல்லேல்லை. வெள்ளைக்காரியும் மேல ஜன்னலில நிக்கிறா. இப்ப கதவைத் திறக்கேலாது, சருகெல்லாம் விலகிப்போம்."

"எனக்கு ஒண்டுக்குப் போகவேணும்."

"உள்ளுக்கை வாளி இருக்கெல்லே?"

"அப்ப கடை?"

"அதை யோசியாதேங்கோ. மூட்டை இறக்க வேற ஒருத்தனை வரச் சொல்லியிருக்கிறன்."

கனகலிங்கம் எழுந்து பலகையில் கையை வைத்தார். "ஆர் அவன்? எங்க படுக்கிறவன்?"

பின்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

காற்று கதவுக்கடியால் சருகுகளை உள்ளே தள்ளியது. கைப்பழக்கத்தில் அவர் அவற்றைக் கூட்டி ஒரு மூலையில் ஒதுக்கினார். பிறகு, வாசலில் குறைந்துவிடுமே என்று நிலத்தில் முழங்காலை ஊன்றி, ஒவ்வொன்றாக எடுத்துக் கதவின் கீழால் வெளியே தள்ளத் தொடங்கினார்.