மேற்கு மதில்

புத்தம்புது மதிலில் முருகேசு கரிக்கட்டியால் ஒரு கோடு கீறினார். கோடு கோணலாகப் போனது. சால்வை நுனியால் அதை அழிக்கப் பார்த்தார். வெள்ளைப் பூச்சில் கரி பரவி, ஓர் ஆளின் முதுகு அகலத்துக்கு அந்த இடம் கறுத்துப்போனது.

குசினி ஜன்னலால் அதைப் பார்த்த சுலோஜனா கையிலிருந்த தண்ணீர்ச் செம்பை அப்படியே வைத்தாள்.

ஹோலில் அவளுடைய தகப்பன் அரியநாயகம் பெட்டிக்குள் கிடந்தார். நேற்றுக் காலை விறாந்தைக் கதிரையில் இருந்துகொண்டு பிளேன்ரீ கேட்டவர், அவள் அதை ஆற்றிக் கொண்டு வருவதற்குள் போய்விட்டார். இப்போது ஐயர் வந்து கும்பம் வைத்துக்கொண்டிருந்தார். ரோட்டில் பறை கேட்டது. அழுது அழுது தொண்டை அடைத்துப்போய், ஒரு மிடறு தண்ணீர் குடிக்கத்தான் அவள் குசினிக்குள் வந்தாள்.

பின்கதவால் இறங்கி, வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் ஓடினாள்.

“என்ன சித்தப்பா செய்யிறியள்?”

“இடம் பாக்கிறன் பிள்ளை. கிரியை முடிய முன்னம் மதிலை வெட்டி வைக்கவேணும்.”

“மதிலையோ?”

“பின்னை? ஆக்கள் போய்வாற படலையால பிரேதம் கொண்டு போற வழக்கம் எங்கட ஆக்களிட்ட எப்ப இருந்தது? கொம்மாவையும் வேலியை வெட்டித்தானே கொண்டு போனது. மறந்து போனியே?”

அவள் மறக்கவில்லை. ஆனால் அது ஓலைக் கிடுகு வேலி. ஒரு கத்தி போதுமாக இருந்தது. பிரேதம் போன கையோடு இரண்டு பேர் நின்று நாலு கிடுகை வைத்துக் கட்ட, வேலி பழையபடி வேலியாகிவிட்டது. இது சீமெந்துக்கல் மதில். கட்டும்போது அவளுக்கு எத்தனையோ யோசனைகள் வந்தன. இது மட்டும் வரவில்லை.

சண்டை மூண்டு, சின்னப் பிள்ளையாகத் தாயின் இடுப்பில் இருந்தபடி இந்தத் தீவை விட்டுப் போனவள் சுலோஜனா. அதற்குப் பிறகு இருந்ததெல்லாம் பிறத்தியார் வீடு. பள்ளிக்கூட மண்டபம், தரப்பாள் கொட்டில், வாடகை அறை என்று எங்கே படுத்தாலும் காலடிச் சத்தம் கேட்டால் முதலில் எழும்பி இருப்பது அவள்தான். பிரதேச சபையில் வேலை கிடைத்து, கல்யாணமாகி, கடைசியில் மடத்துவெளியில் இந்தக் காணியை எழுதி, வீட்டைக் கட்டிக் குடிபூர்ந்து இன்னும் ஒரு வருடமும் ஆகவில்லை. கடல் உப்பு ஜன்னல் கம்பியைத் தின்ன விடக்கூடாது என்று லீவு நாளெல்லாம் துரு சுரண்டிப் பெயின்ற் அடிப்பாள். நிலைக்கதவில் கறையான் கோடு ஏறுகிறதா என்று குந்தியிருந்து பார்ப்பாள். பிணைச்சலுக்கு எண்ணெய் விடுவாள். படுக்க முன் எல்லாக் கொண்டியையும் ஒருமுறை தொட்டுப் பார்ப்பாள்.

“பிள்ளை, இது வீடோ வங்கியோ?” என்று கேட்டுவிட்டுத் தகப்பன் சிரிப்பார்.

மதில் முடிந்த அன்றுதான் அவள் இடையில் எழும்பாமல் விடிய மட்டும் நித்திரை கொண்டாள். அந்த மதிலிலும் ஒரு குறை. மேற்குப் பக்கம் ஓரிடத்தில் பூச்சு நூல்போல வெடித்தது. கட்டின மேசன் அல்லைப்பிட்டி டிலோன். அவனை ஃபோனில் கூப்பிட்டு, கள்ளவேலை செய்துபோட்டாய் என்று வாய்க்கு வந்தபடி ஏசினாள். அவன் ஒரு சொல் திருப்பிச் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த தகப்பன் மழை வருமோ என்று பார்ப்பவர்போல வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சித்தப்பா, கேற்றால கொண்டு போகேலாதோ?”

கேட்ட பிறகுதான் முற்றத்தில் நின்ற எல்லாருக்கும் அது கேட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. கதிரை அடுக்கிக்கொண்டு நின்றவர்களின் கை அப்படியே நின்றது. விறாந்தையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த பெரியப்பாவின் மகள் றஞ்சனி தலையை நிமிர்த்தினாள்.

“நல்ல கதை! அப்பர் பெட்டிக்குள்ள கிடக்கிறார். மகளுக்கு மதில் கவலை.”

சுலோஜனாவுக்கு முகம் எரிந்தது. பொய்யென்றால் திருப்பிக் கொடுத்திருப்பாள். பொய்யில்லை. இரவு முழுக்க அழுத அதே கண்தான் இப்போது அந்தக் கரிப்பூச்சை விட்டு விலக மாட்டேன் என்கிறது.

புருஷன் லவன் ஈரவேட்டியோடு வந்து பக்கத்தில் நின்றான். மகன் இல்லாத வீடு என்பதால் அவன்தான் கொள்ளி வைக்க வேண்டும். “சுலோ, பிறகு கட்டலாம் தானே” என்றான் மெதுவாக.

அவள் மூக்கைத் துடைத்தாள். “உடையுங்கோ” என்றாள்.

முருகேசு மதிலை இடிக்க அலவாங்கை எடுத்துவரச் சொன்னார். அப்போதுதான் வேப்பமரத்தடியில் கைகட்டி நின்ற டிலோன் முன்னுக்கு வந்தான். விடியவே மோட்டார்சைக்கிளில் வந்துவிட்டவன், யாரோடும் கதைக்காமல் அந்த மரத்தடியிலேயே நின்றான்.

“ஐயா, அதில வைக்காதேங்கோ. அது முழுக்கக் கம்பி. பொழுதுபட்டுப் போகும். மேற்குப் பக்கம் வாங்கோ.”

“நீ சேர்ச்சுக்குப் போற வேதக்காரப் பெடியன். எங்கட சடங்கு உனக்குத் தெரியுமே?”

“சடங்கு தெரியாது. ஆனா, அரியநாயகம் ஐயா எதால போகவேணும் எண்டவர் எண்டது தெரியும்.”

டிலோன் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் நடந்தான். ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் போனார்கள். மேற்கு மதிலில், நூல்போல வெடித்திருந்த அந்த இடத்தில் அவன் உள்ளங்கையை வைத்தான்.

“அக்கா, நீங்கள் ஏசின இடம்.”

“அதுக்கென்ன?”

“இந்தப் பங்கில கம்பி இல்லை. சீமெந்தும் இல்லை. வெறும் களிமண் வைச்சுக் கல் அடுக்கி, மேலால மட்டும் பூசினது. நான் ஏலாதெண்டனான். ஐயா விடேல்ல. ‘எனக்காக என்ர பிள்ளையின்ர மதிலை ஒருத்தனும் உடைக்கப்படாது, கழட்டத்தான் வேணும்’ எண்டவர். உங்களிட்டச் சொல்லப்படாதெண்டு சத்தியமும் வாங்கினவர்.”

டிலோன் அந்த இடத்தின் இரண்டு ஓரத்தையும் கையால் காட்டினான்.

“அகலமும் அவர் சொன்னதுதான். என்னையும் என்னோட வந்தவனையும் பக்கத்துப் பக்கத்தில நிக்க விட்டு அளந்தவர். பிறகு, ‘காணாது, தம்பி முருகேசு தோள் குடுப்பான், அவன் நல்ல மொத்தம், இன்னும் ஒரு சாண் விடு’ எண்டவர்.”

முருகேசு குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். யாரோ களுக்கென்று சிரித்து, இருமி மறைத்தார்கள். றஞ்சனி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். நேற்றிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் எல்லாரையும் ஏவிக்கொண்டு திரிந்த முருகேசு, “அண்ணை…” என்றார். சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு கிணற்றுக்கட்டில் போய் இருந்துவிட்டார்.

டிலோன் கத்தி நுனியால் பூச்சின் ஓரத்தைக் கீறினான். மேல்கல்லை இரு கையாலும் பிடித்து இழுத்தான். அலுமாரியில் இருந்து புத்தகத்தை எடுப்பதுபோல அது வந்தது. அடுத்தது, அதற்கடுத்தது. கை மாறிக் கை மாறிக் கற்கள் மதிலோரம் அடுக்காக ஏறின. ஒரு கல் உடையவில்லை. ஒரு மூலை கூடச் சிதறவில்லை.

கடைசி வரியும் போனபோது கடல் தெரிந்தது.

மதில் எழும்பிய நாளில் இருந்து அந்தப் பக்கம் கடல் இருப்பதையே சுலோஜனா மறந்திருந்தாள். நடுப்பகல் வெயிலில் அது அசையாமல் தகதகத்தது. கடற்காற்று அவளைத் தாண்டிப் பின்கதவுக்குள் போனது. அவள் திரும்பிப் பார்த்தாள். பின்கதவுக்கு நேரே ஹோல். ஹோலுக்கு நடுவே பெட்டி. தலைமாட்டுக் குத்துவிளக்கின் சுடர் சாய்ந்து நிமிர்ந்தது. இந்தப் பக்கம் மதிலின் வாய், அதற்கு அப்பால் ஒழுங்கை, ஒழுங்கை முடியும் இடத்தில் மயானத்து ஆலமரம். எல்லாம் ஒரே நேர்கோடு. பெட்டியை ஓரிடத்திலும் திருப்பத் தேவையில்லை.

மதில் கட்டின நாட்களில் குடையைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தாரே, மேசன்மார் ஏமாற்றாமல் பார்க்கிறார் என்றல்லவா அவள் நினைத்தாள்! அவர் இருந்து பார்த்தது இந்த நேர்கோட்டை. தான் போகப்போகும் வழியைக் கண்ணால் அளந்துவிட்டு, உள்ளே வந்து கைகழுவிச் சோறு தின்றிருக்கிறார். மீன்குழம்புக்கு உப்புக் காணாது என்று குறையும் சொல்லியிருக்கிறார்.

மூலஸ்தானத்துத் திரை விலகியதுபோல இருந்தது அவளுக்கு. கை இரண்டும் எப்போது கூப்பிக்கொண்டன என்று அவளுக்குத் தெரியாது.

உரலில் சுண்ணம் இடித்தார்கள். பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்தார்கள். பெட்டி தோளில் ஏறியது. கொள்ளிக்குடத்தோடு லவன் முன்னால் நடக்க, முருகேசு தமையனின் தலைமாட்டில் தோள் கொடுத்தார். பின்கதவால் இறங்கி, மதிலின் வாய்க்குள் நுழைந்து, அந்தப் பக்கம் வெளிப்பட்டது பெட்டி. எங்கேயும் தட்டவில்லை. முருகேசுவின் தோளுக்கும் கல்லுக்கும் நடுவில் சொன்னபடி ஒரு சாண் மிச்சம் இருந்தது.

பெண்கள் மதில் வரைக்கும்தான். அதோடு நின்றுவிட்டார்கள். பறைச்சத்தம் ஒழுங்கை நெடுகத் தேய்ந்து போனது. பிறகு ஒவ்வொருத்தியாக உள்ளே போய்க் கதிரைகளை ஒதுக்கி, வீடு கழுவத் தொடங்கினார்கள். சுலோஜனா மட்டும் நின்றாள்.

“அக்கா.” டிலோன் சேர்ட் கையை மடித்துக்கொண்டு வந்தான். “சனம் திரும்பி வர முன்னம் அடைக்கவேணுமாம். ஐயாவின்ர சொல்லும் முடிஞ்சுது. மிச்சச் சீமெந்து கராச்சுக்குள்ள கிடக்கு, கம்பியும் கிடக்கு. இப்ப இறுக்கிக் கட்டிவிடுறன். சாகுமட்டும் அசையாது.”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

சுலோஜனா மதிலின் வாய்க்குள் போய் நின்றாள். ஒரு பக்கக் கல்லைத் தொட்டாள். மற்றப் பக்கத்தையும் தொட்டுப் பார்த்தாள்.

“அண்டைக்குக் களிமண் எங்க எடுத்தனீர்?”

“குளத்தடியில. மிஞ்சினது அந்தா, தொட்டிக்குப் பின்னால குவிஞ்சு கிடக்கு. ஏனக்கா?”

“இந்த வாயை அடைக்க அது காணுமோ?”

டிலோன் அவளைப் பார்த்தான். பிறகு மண்குவியலைப் பார்த்தான்.

“காணும்” என்றான்.

உள்ளே இருந்து றஞ்சனி கூப்பிட்டாள். “சுலோ, வந்து முழுகு. தண்ணி வாத்து வைச்சிருக்கு.”

“வாறன் அக்கா. ஒரு நிமிசம்.”

கிணற்றடியில் நிறைந்திருந்த வாளியை அவள் இரண்டு கையாலும் தூக்கி வந்து, மண்குவியலின் நடுவில் காலால் ஒரு பள்ளம் தோண்டிச் சரித்தாள். காய்ந்து இறுகியிருந்த களிமண் முதலில் தண்ணீரை எடுக்கவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தது.